முக்கோணக் குறியின் மகிமை

சக்கரம், நெருப்பு, பூஜ்ஜியம் என்று மனித குலம் பெருமைப்பட்டுக்கொள்ளும் கண்டுபிடிப்புகள் சில உண்டு. அவற்றை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அவை எல்லாவற்றையும் ஒரு தட்டில் வைத்து முக்கோணத்தை மறு தட்டில் வைத்தால் முக்கோணம்தான் கனக்கும் என்பது என் முடிவு.

கணக்கு வாத்தியார் பலகையில் போடுகிற முக்கோணத்தைச் சொல்லவில்லை. ஜப்பானில் எங்கள் தகமாட்சு நகரத்தில் நாலு பேர் ஓரிடத்தில் கூட வேண்டுமென்றால் ஒருவர் தேதிப் பட்டியல் ஒன்றைக் கைப்பேசியில் அனுப்புவார். ஒவ்வொரு தேதிக்கும் நேராக மற்றவர்கள் குறி இட வேண்டும். வட்டம் போட்டால் வருகிறேன். பெருக்கல் குறி போட்டால் வரமாட்டேன். மூன்றாவதாக முக்கோணம் ஒன்று வைத்திருக்கிறார்கள். நாகரிகம் அங்கேதான் தொடங்குகிறது.

முக்கோணம் போட்டவர் வரமாட்டேன் என்று சொல்லவில்லை. வருகிறேன் என்று மாட்டிக்கொள்ளவும் இல்லை. வர வேண்டும் என்று அவருக்கு ஆசை இருக்கிறது. அந்த ஆசையைப் பதிவு செய்திருக்கிறார். பெருக்கல் குறி முகத்தில் அடித்தாற்போல் இருக்கும். வட்டம் போட்டவர் அன்றைக்குக் குளித்துக் கிளம்பியாக வேண்டும். முக்கோணத்தில் இந்த இரண்டு கஷ்டமும் இல்லை. அது ஒருவர் மனதையும் நோகடிக்காது, ஒருவரையும் வீட்டை விட்டுக் கிளப்பாது. எட்டு வருடம் ஒரு குழுவை நடத்தியவள் என்ற தகுதியில் இதைச் சொல்கிறேன்.

எங்கள் குழுவில் நாலு பேர். ஞாயிற்றுக்கிழமைகளில் நகர சமூக நிலையத்தின் இரண்டாம் மாடி அறையில் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து கதை விளையாடுவோம். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அதற்குள் இறங்கி, "நான் கதவைத் திறக்கிறேன்," "நான் பின்வாசல் வழியா ஓடுறேன்" என்று சொல்லிக்கொண்டே போவார்கள். முடியுமா முடியாதா என்று சந்தேகம் வருகிற இடத்தில் இருபது முகமுள்ள பகடையை உருட்டுவார்கள். கதை சொல்பவள் நான். அதனால் என்னை 'மாஸ்டர்' என்பார்கள். வார நாட்களில் நான் உறைய வைத்த ஊடோன் நூடுல்ஸைக் குளிர்வண்டிகளில் ஏற்றி அனுப்பும் நிறுவனத்தில் அட்டவணை போடுகிற மிஸோபுச்சி. அங்கே யாரும் என்னை மாஸ்டர் என்பதில்லை. ஆனால் அங்கே வண்டிகள் சொன்ன நேரத்துக்கு வரும்.

எங்கள் கதையில் ஒரு கடல் இருண்டுவிட்டது. அதன் ஒன்பது கலங்கரை விளக்கங்களும் அணைந்துவிட்டன. மூன்று பேர் ஒரு கப்பலில் போய் அவற்றை ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும். எட்டை ஏற்றியாயிற்று. ஒன்பதாவதின் வாசலுக்கு அவர்கள் வந்து சேர்ந்த அன்று கடும் மழை. அந்த மழை கதைக்குள் பெய்தது. வெளியே நல்ல ஜனவரி வெயில். மூவரும் முதல் படியில் வலது காலை வைத்தார்கள். அப்போது மேஜையைச் சுற்றி இருந்தவர்களில் ஒருவர் படகுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துவிட்டார். "அடுத்த தடவை ஏறலாம்" என்று எல்லோரும் ஒருமனதாகச் சொன்னோம்.

அது பதினாலு மாதத்துக்கு முந்தைய கதை. பதினாலு மாதமாக அந்த மூவரும் ஒரு காலைப் படியில் வைத்தபடி மழையில் நிற்கிறார்கள். வேலைக்கு ரயிலில் போகும்போது எனக்குச் சில நாள் அவர்கள் நினைவு வரும். இல்லாத மனிதர்களை நனைய விட்டதற்கு வெட்கப்படுவது நாற்பத்தோரு வயதுப் பெண்ணுக்கு அழகில்லைதான். ஆனால் வெட்கமாகத்தான் இருந்தது.

இனி, முக்கோணத்தை ஒரு கலையாக வளர்த்தவர்களை அறிமுகப்படுத்துகிறேன்.

மனாபே சான் (பெயருக்குப் பின்னால் வரும் 'சான்' மரியாதைக்கு) மின்சாதனக் கடையில் குளிர்சாதனப் பெட்டிப் பிரிவின் தலைவர். கதையில் கப்பல் தலைவன். இவர் முக்கோணத்தை மட்டும் அனுப்புகிறவர் இல்லை, அதற்கு விளக்கவுரையும் தொலைபேசியில் தருவார்.

"மாஸ்டர், நான் போட்டிருக்கறது நிஜ முக்கோணம்."

"நிஜ முக்கோணம்னா?"

"சில பேரு வரமாட்டேன்னு சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு முக்கோணம் போடுவாங்க. என்னோடது அந்த ஜாதி இல்ல. வட்டத்தை ஒட்டி நிக்கற முக்கோணம்."

"எவ்வளவு ஒட்டி?"

"கைய நீட்டினா தொட்டுடலாம். சனிக்கிழமை சாயந்திரம் வரைக்கும் பாத்துட்டு சொல்றேன்."

சனிக்கிழமை மாலை அவர் சொன்னதே இல்லை. சொல்லாமல் இருப்பதன் மூலம் அந்த முக்கோணத்தைக் கடைசி வரை உயிரோடு காப்பாற்றினார் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

சுகுடா சான் பல் மருத்துவமனையில் வேலை பார்க்கும் பெண். கதையில் பறவைகளின் மொழி தெரிந்தவள். வீட்டில் அவருக்கு ஒரு பூனை. பெயர் தோஃபு.

"தோஃபு மூணு நாளா சன்னலைப் பாத்து திரும்பியே உக்காந்திருக்கு, மாஸ்டர். என்கிட்ட முகம் குடுக்க மாட்டேங்குது."

"உடம்புக்கு ஏதாவதா?"

"உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. மனசுதான். இந்த நெலமையில நான் ஞாயித்துக்கிழமை கெளம்பி வந்தா அது என்ன நெனைக்கும்?"

நான் என்ன நினைப்பேன் என்ற கேள்வி அங்கே எழவில்லை. எழுந்திருந்தாலும் நான் பூனையின் பக்கம்தான் பேசியிருப்பேன். என் சுபாவம் அப்படி.

மூன்றாமவர் கமேய் சான். ஐம்பத்தெட்டு வயது. சோதோ தீவில் ஆலிவ் தோட்டம் வைத்திருக்கிறார். படகில் வர ஒரு மணி நேரம். கதையில் இவர் கண் தெரியாத மாலுமி. பனிமூட்டத்தால் படகு நின்றுபோன நாட்களில் ஆதாரத்துக்குப் படம் பிடித்து அனுப்புவார். பனிமூட்டத்தின் படம் முழு வெள்ளையாக இருக்கும். அதை மறுத்துப் பேச எவராலும் முடியாது. என்னிடம் இப்படிப் பத்தொன்பது படங்கள் இருக்கின்றன. ஆகஸ்ட் மாதத்தில் வந்த பனிமூட்டத்தில் மட்டும் ஓர் ஆணியும் அதில் ஒரு நாட்காட்டியும் தெரிந்தன.

மூன்று பேரும் நல்லவர்கள். இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை. என் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது கமேய் சான் ஒரு பெட்டி ஆலிவ் எண்ணெய் அனுப்பினார். கூடவே ஒரு கடிதம்: 'நேரில் வரத்தான் முக்கோணம்.'

சமூக நிலையத்தின் விதிப்படி மூன்று பேராவது கூடினால்தான் அறை. முன்மேஜையில் ஹமாகுச்சி சான் என்று ஒருவர் இருக்கிறார். விதியை மதிப்பவர். ஆனால் ஈரமுள்ளவர். போன நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பகடைப் பையும் வரைபடச் சுருளுமாகத் தனியே போய் நின்றேன்.

"இன்னிக்கு எத்தனை பேரு, மிஸோபுச்சி சான்?"

"மூணு முக்கோணம்."

"படிவத்துல ஆளுங்களைத்தான் கேட்டிருக்கு."

"ஒரு முக்கோணத்தை அரை ஆளுன்னு வெச்சுக்கலாமே."

அவர் பேனாவை எடுத்து உண்மையிலேயே எழுதிப் பார்த்தார். "மூணு அரை, ஒண்ணரை. உங்களைச் சேத்தா ரெண்டரை. அரை ஆளு குறையுதே." சிறிது நேரம் யோசித்தார். "நான் வேணா பத்து நிமிஷம் வந்து உக்காரவா? அதுக்கு மேல மேஜைய விட்டுட்டு வர முடியாது. பத்து நிமிஷம் அரை ஆளுக்குச் சமம்தானே?"

வந்து உட்கார்ந்தார். கைகளை முழங்கால் மேல் வைத்துக்கொண்டார். நான் என்ன செய்யணும் என்றார். பகடையை உருட்டச் சொன்னேன். இரண்டு கைகளாலும் பிடித்து, கோயிலில் சீட்டு எடுப்பவர் போலக் கண்ணை மூடி உருட்டினார். இருபது விழுந்தது.

"இது நல்லதா?"

"இதுக்கு மேல இல்ல."

"அப்போ என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. நீங்க கதையில இல்லயே."

"அது சரிதான்," என்று எழுந்து குனிந்து வணங்கிவிட்டுக் கீழே போனார். அறிக்கையில் பங்கேற்றோர் மூன்று என்று எழுதி முத்திரை குத்தினார். அவர் பணி வாழ்வில் எழுதிய ஒரே பொய்யாக அது இருக்கலாம்.

அன்று மாலை நான் வழக்கம்போல் குழுவுக்குச் செய்தி அனுப்பினேன். 'இன்றைய பொழுது இனிதே கழிந்தது. அனைவருக்கும் நன்றி. களைத்திருப்பீர்கள்.' ஒருவரும் வராத நாளிலும் நான் இதையே அனுப்புவேன். வராத ஒருவர் மற்ற இருவராவது வந்தார்கள் என்று நிம்மதியாக இருக்கட்டும் என்ற நல்லெண்ணம். மூவருமே வராதபோது மூவருக்குமே நிம்மதி. இந்தப் பண்பை எனக்குள் யார் விதைத்தார்கள் என்று தெரியவில்லை. நன்றாகவே வேர்விட்டிருந்தது.

மார்ச் நடுவில் எங்கள் மேலாளர் என்னைக் கூப்பிட்டு, ஏப்ரல் முதல் தேதியிலிருந்து வடக்கே அசாஹிகாவா கிளைக்கு மாற்றல் என்றார்.

"குளிர் சைபருக்குக் கீழ இருபத்தஞ்சு போகும்னு சொல்றாங்களே," என்றேன்.

"உறைபதனக் கிடங்குல பதினஞ்சு வருஷம் வேலை பாத்தவங்களுக்கு அதெல்லாம் ஒரு குளிரா?"

வாழ்த்தாகத்தான் சொன்னார். நன்றி சொல்லிவிட்டு வந்து என் மேஜையில் உட்கார்ந்தேன். வீட்டைக் காலி செய்வது, அம்மாவை அக்காவிடம் விடுவது, எல்லாம் வரிசையாக மனதில் வர வேண்டும். எனக்கு முதலில் வந்தது நாட்காட்டி. மார்ச்சின் கடைசி ஞாயிறு ஒன்றுதான் கையில் இருந்தது.

ஒன்பதாவது கலங்கரையின் உச்சியில் என்ன இருக்கிறது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். மூன்று கதவுகள் வைத்திருந்தேன், ஒருவருக்கு ஒன்று. சுகுடா சானின் பாத்திரம் முதல் வருடத்தில் ஒரு கடற்பறவையைத் தொலைத்துவிட்டு அழுதது. அந்தப் பறவை அவர் கதவுக்குப் பின்னால் இருக்கிறது. கமேய் சானின் கதவைத் திறந்தால் அவருடைய மாலுமிக்கு எதிரில் ஒரு சன்னல். அதன் வழியாக அவர் ஒரே ஒருமுறை பார்ப்பார். எதைப் பார்க்க வேண்டும் என்று அவரே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். மனாபே சானின் கதவுக்குப் பின்னால் யாரும் இருக்க மாட்டார்கள். அவர் முதல் ஆளாக வந்து சேர்ந்து மற்றவர்களுக்காகக் காத்திருக்க வேண்டும். எட்டு வருடம் ஒருவர் பேசுவதைக் கேட்டால்தான் இப்படிக் கதவு செய்ய முடியும். நான் வேறு யாருக்கும் இத்தனை கவனமாக எதையும் செய்ததில்லை என்று அன்று அந்த மேஜையில் உட்கார்ந்துதான் கண்டுபிடித்தேன்.

பட்டியலை அனுப்பினேன். ஒரே ஒரு தேதி. 'ஒன்பதாவது கலங்கரை. இதுவே கடைசி. எனக்கு மாற்றல் ஆகிவிட்டது. பகல் ஒரு மணி முதல் ஐந்து வரை.'

இரண்டு நாளில் பதில்கள் வந்தன. முக்கோணம். முக்கோணம். முக்கோணம். மனாபே சான் கூடுதலாக, 'இது வட்டத்தின் மடியிலேயே உட்கார்ந்திருக்கும் முக்கோணம்' என்று எழுதியிருந்தார்.

அவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, "வருவீங்களா, மாட்டீங்களா?" என்று கேட்கலாம் என்று நினைத்தேன். கைப்பேசியை எடுத்துவிட்டு அப்படியே நின்றேன். எட்டு வருடத்தில் இந்தக் கேள்வியை ஒருவரிடமும் நான் கேட்டதில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே. எனக்கும் முக்கோணம் பழகிவிட்டது. அதற்குள் குடியிருக்கலாம், கூரை இருக்கிறது. கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு, 'பார்த்துச் சொல்லுங்கள், அவசரம் இல்லை' என்று எழுதி அனுப்பினேன்.

மறுநாள் மனாபே சானிடமிருந்து ஒரு பட்டியல் வந்தது. தலைப்பு: 'மிஸோபுச்சி மாஸ்டர் பிரிவுபசார விருந்து.' மார்ச் கடைசி ஞாயிறு. பகல் ஒரு மணி. கோழிக்காலை எலும்போடு சுட்டுத் தரும் எலும்புக் கோழிக் கடை.

ஒன்பது நிமிடத்தில் மூன்று வட்டங்கள்.

அவற்றை நான் வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் குழு வரலாற்றில் ஒரே வரிசையில் மூன்று வட்டங்கள் விழுந்தது அதுவே முதல் முறை. அழகாக இருந்தன. நாலாவது கட்டத்தில் நானும் வட்டம் போட்டேன். வேறு என்ன போடுவது? பிறகு சமூக நிலையத்துக்குப் போய் அறையை ரத்து செய்தேன். ஹமாகுச்சி சான், காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுத என்று கேட்டார். "எல்லாரும் வர்றாங்க," என்றேன்.

விருந்துக்குப் பகடைப் பையையும் மூன்று பாத்திரங்களின் தாள்களையும் எடுத்துக்கொண்டேதான் போனேன். கடைசிப் படிகளுக்கு நாற்பது நிமிடம் போதும் என்று கணக்குப் போட்டிருந்தேன். கோழி வருவதற்குள் ஏறிவிடலாம். விளக்கை ஏற்றிவிட்டுச் சாப்பிடலாம்.

ஒரு மணி விருந்துக்கு நான் பன்னிரண்டு ஐம்பதுக்குப் போனேன். மூன்று பேரும் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். கமேய் சான் இரண்டு படகு முன்னதாகவே கிளம்பியிருக்கிறார். சுகுடா சான் கூந்தலை அலங்கரித்திருந்தார். தோஃபு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "நல்லா இருக்கு, மாஸ்டர். போயிட்டு வான்னு சொல்லிச்சு." மனாபே சான் கையில் பூச்செண்டு. அதைவிட நேர்த்தியான விருந்தை நான் கண்டதில்லை.

"முத்தின கோழியா, இளங்கோழியா, மாஸ்டர்?" என்றார் மனாபே சான்.

"முத்தினது. அப்புறம், கோழி வர்றதுக்குள்ள..." என்று பையைத் திறந்து தாள்களை மேஜையில் வைத்தேன்.

கமேய் சான் தன் தாளை எடுத்துக் கண்ணுக்கு எட்டப் பிடித்துப் பார்த்தார். "இது யாரு?"

"நீங்கதான். கண் தெரியாத மாலுமி."

"நான் இன்னும் உயிரோடவா இருக்கேன்?"

"நல்லா இருக்கீங்க."

"நான் கடைசியில செத்துட்டேன்னு நெனச்சேன். கலங்கரை ஏத்தினப்போ."

"எந்தக் கலங்கரை?"

"ஒன்பதாவதுதான். அன்னிக்கு நான் வரல. மன்னிச்சிருங்க, மாஸ்டர். இத்தனை நாளா நேர்ல சொல்லணும்னு இருந்தேன். கடைசி அத்தியாயத்துக்குப் போய் வராம இருந்துட்டேனேன்னு எனக்கு மனசே ஆறல."

"நானும்தான்," என்றார் சுகுடா சான். கண் கலங்கிவிட்டது. "கமேய் சான் வந்திருப்பாருன்னு நெனச்சேன். அவராவது பாத்தாரேன்னு."

"நான் வரலம்மா. மனாபே சான்தான் இருந்திருக்காரு. அவருதானே கப்பல் தலைவரு."

எல்லோரும் மனாபே சானைப் பார்த்தோம். அவர் ஈரத் துண்டால் நிதானமாகக் கை துடைத்தார். "நான் அன்னிக்கு இல்ல. சுகுடா சான் சொல்லித்தான் கேள்விப்பட்டேன். ரொம்ப நல்லா முடிஞ்சுதாமே. மழையில, நான் விளக்கை மார்போட அணைச்சுக்கிட்டு மேல ஏறினேன்னு..."

"நான் எங்க சொன்னேன்? நீங்க அப்படி ஏறியிருப்பீங்கன்னுதான் சொன்னேன்."

"இல்ல, அவரு ஏறியிருக்க மாட்டாரு," என்றார் கமேய் சான். "அவருக்கு முழங்கால்ல அம்பு பட்டிருந்துது, மூணாவது கலங்கரையில. நான்தான் தூக்கிட்டுப் போயிருப்பேன்."

"உங்களுக்குத்தான் கண்ணு தெரியாதே," என்றார் சுகுடா சான்.

"படி ஏற எதுக்குக் கண்ணு? நீ பறவைய முன்னால விட்டிருப்ப. அது கத்தற திசையில நான் காலை வெச்சிருப்பேன்."

"பறவை தொலஞ்சுபோச்சே, கமேய் சான்."

"திரும்பி வந்திருக்கும். கடைசியில வராம எப்படி?"

சுகுடா சான் மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஆமாம், வந்திருக்கும் என்றார். மனாபே சான் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு, அப்படியானால் கப்பலை யார் பிடித்துக்கொண்டது என்று கேட்டார். மூன்று பேரும் முட்டைகோஸ் தட்டுக்கு மேலே தலையைக் கொடுத்து வாதாடினார்கள். எட்டு வருடத்தில் நான் இப்படி ஓர் ஆட்டத்தைப் பார்த்ததில்லை. ஒவ்வொருவரும் தான் வராத நாளில் மற்ற இருவரும் வந்து கதையை முடித்துவிட்டதாக நம்பியிருக்கிறார்கள். நம்பாமல் என்ன செய்வார்கள்? 'இன்றைய பொழுது இனிதே கழிந்தது' என்று ஒவ்வொரு ஞாயிறும் எழுதியவள் நான்தானே.

"முடியல," என்றேன்.

யாரும் கேட்கவில்லை. கொஞ்சம் உரக்கச் சொன்னேன். "ஒன்பதாவது கலங்கரை இன்னும் ஏத்தல. யாரும் வரல. பதினாலு மாசமா யாருமே வரல."

"ஆனா நீங்க பட்டியல் அனுப்பிட்டேதானே இருந்தீங்க," என்றார் சுகுடா சான். "ஒவ்வொரு தடவையும் 'ஒன்பதாவது கலங்கரை'ன்னு தலைப்பு போட்டு. நான் அது நம்ம குழுவோட பேருன்னு நெனச்சுட்டேன்."

"நான், முடிஞ்ச பெறகு சும்மா உக்காந்து பேசிட்டு இருக்கீங்கன்னு நெனச்சேன்," என்றார் கமேய் சான்.

"அப்போ நாம இப்போ எங்க இருக்கோம்?" என்றார் மனாபே சான்.

"வாசப்படியில. ஒரு காலைத் தூக்கி வெச்சபடி. மழை."

"பதினாலு மாசமாவா?" மனாபே சான் அந்தக் காட்சியை எண்ணிப் பார்த்தார். "நல்லவேளை, நான் வரல."

கோழி வந்தது. புகைந்துகொண்டு, மிளகும் பூண்டும் மணக்க. பணிப்பெண் தட்டுகளை வைக்க இடம் தேடினாள். மனாபே சான் என் தாள்களை அடுக்கி, ஓரம் சரி பார்த்து, மிகுந்த மரியாதையோடு என் பைக்குள் திரும்ப வைத்தார்.

எனக்கு அப்போது காது சூடாகியது. நான் பகடையைக் கையில் எடுத்துக்கொண்டேன். "நான் ஒண்ணு கேக்கறேன். நாற்பது நிமிஷம் போதும். இப்போ விளையாடலாமா, வேணாமா?"

இப்படி நேராகக் கேட்பது எங்கள் ஊரில் வழக்கமில்லை. சட்டையில்லாமல் வந்து உட்கார்ந்தவளைப் பார்ப்பதுபோல் மூவரும் வேறெங்கோ பார்த்தார்கள். கமேய் சான் கோழி எண்ணெயில் முட்டைகோஸைத் தோய்த்தார். சுகுடா சான் பூச்செண்டின் காகிதத்தை நீவிவிட்டார். பகடையின் முனை ஒன்று உள்ளங்கையில் குத்திக்கொண்டிருந்தது.

"மாஸ்டர்," என்றார் மனாபே சான் கடைசியில், ரொம்பக் கனிவாக. "விளையாடணும்னு எங்க எல்லாருக்குமே ஆசைதான். ஆனா இன்னிக்கு உங்களைக் கொண்டாடற நாள். உங்களைப் போயி இன்னிக்கு வேலை வாங்கறதா? அது முறையில்ல."

"எனக்கு அது வேலை இல்ல."

"உங்க பெருந்தன்மை அது," என்றார் கமேய் சான். மற்ற இருவரும் தலையாட்டினார்கள்.

இரண்டு மணி நேரமும் என்னைப் பாராட்டினார்கள். இந்த எட்டு வருடம் தன் வாழ்க்கையின் முதுகெலும்பு என்றார் மனாபே சான். எந்த வாரம் எப்படிப் போனாலும் ஞாயிற்றுக்கிழமை நமக்கென்று ஓர் இடம் இருக்கிறது என்ற நினைப்பே தன்னை நிறுத்திவைத்தது என்றார் சுகுடா சான். உண்மையாகவே அழுதார். நானும் அழுதேன், என் காரணம் வேறு. முற்றிய கோழி மென்று முடிக்க நேரம் எடுக்கும், அதனால் வாயைத் திறக்க வேண்டியிருக்கவில்லை.

மூன்று மணிக்குப் பணிப்பெண் வந்து மேஜை நேரம் முடிந்தது என்றாள். எழுந்து நின்றோம். விருந்தை முடிக்கும் கைத்தட்டலுக்கு மனாபே சான் குரல் கொடுத்தார். எல்லோரும் ஒரே ஒரு தட்டு, ஒரே நொடியில் தட்ட வேண்டும். நாலு ஜோடிக் கைகள். ஒரே சத்தம். மயிரிழை முன்பின் இல்லை. பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்து வியந்தார்கள். இத்தனை கட்டுக்கோப்பான ஒரு குழுவை விட்டுப் பிரிகிறாளே என்று அவர்கள் என்னை நினைத்து வருத்தப்பட்டிருக்கக் கூடும்.

கடை வாசலில் ஒரு சதுர அட்டையைக் கொடுத்தார்கள். நடுவில் என் பெயர். சுற்றிலும் மூவரும் வண்ணப் பேனாவில் எழுதியது. வீட்டில் போய்ப் படிக்கச் சொன்னார்கள். நான் விமானத்தில்தான் படித்தேன். கீழே கடலும் தீவுகளும் தெரிந்தன. பனிமூட்டம் இல்லை.

மூன்று கையெழுத்துகள், மூன்று நிறங்கள். எழுதியிருந்தது என்னவோ கிட்டத்தட்ட ஒன்றுதான், பேசி வைத்துக்கொண்டு எழுதினார்களோ என்னவோ. 'மாஸ்டர், இனி எங்கள் ஞாயிற்றுக்கிழமைகளை என்ன செய்வது என்றே தெரியவில்லை.'

அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அவர்கள் கவலை நியாயமானது. வராமல் இருப்பதற்கென்று ஓர் இடம் இல்லாமல் போய்விட்டால், பாவம், ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் எங்கேதான் வராமல் இருப்பார்கள்?